ஏணியில் எத்தனை படி மூழ்கும்?

அந்தமானின் ஹாடோ துறையில் ஒரு கப்பல் கட்டியிருக்கிறது. அதன் பக்கவாட்டில் கயிற்றேணி ஒன்று தொங்குகிறது. கடைசிப் படி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. படிக்கும் படிக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர். கடல் ஏற்றத்தில் இருக்கிறது. மணிக்கு 30 சென்டிமீட்டர் உயர்கிறது. நான்கு மணி நேரம் கழித்து எத்தனை படி மூழ்கியிருக்கும்?

பழைய புதிர்தான். ஆனால் கப்பலையும் கடலையும் தினமும் பார்க்கிற ஊரில் அதைப் போடும்போது சுவை கூடுகிறது. போர்ட் பிளேரின் மின்னி பே அப்படிப்பட்ட இடம். 2024 முதல் நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். மின்னி பே மின்னி பேயாகவே இருக்கிறது. மாலையில் அங்கே நான்கு நண்பர்கள் கூடி உட்கார்ந்து இந்தப் புதிரை அவிழ்ப்பதாக வைத்துக்கொள்வோம்.

“நாலு படி.”

“இல்லடா, அஞ்சு. கடைசிப் படிதான் ஏற்கெனவே தண்ணியத் தொட்டுக்கிட்டு இருக்கே.”

“ஏணி எதுல தொங்குது?”

“கப்பல்ல.”

“கப்பல் எதுல நிக்குது?”

அதன் பிறகு ஒரு நொடி யாரும் பேசமாட்டார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் ஏறும். கப்பலோடு ஏணியும் ஏறும். ஒரு படிகூட மூழ்காது. அதே ஏணியைத் துறைமுகச் சுவரில் கட்டித் தொங்கவிட்டிருந்தால் 120 சென்டிமீட்டர் தண்ணீரும் ஏணிமேல்தான் ஏறியிருக்கும்.

விடையைச் சொன்னவரை விட, “எதுல நிக்குது?” என்று கேட்டவரைத்தான் நான் மெச்சுவேன். அவர் விடை சொல்லவில்லை. மற்ற மூவரும் கேள்வியில் இல்லாத ஒன்றை, அதாவது ஏணி அசையாது என்பதை, தாங்களாகவே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் அவர் விரலை வைத்தார்.

இதே புதிரை இயற்கையே இந்தத் தீவுகளுக்குப் போட்ட நாள் ஒன்று உண்டு. உயிர்களை வாரிக்கொண்டு போன அந்த நாளை விளையாட்டோடு சேர்த்துப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் புரிந்துகொள்வது பயனுள்ளது என்பதால் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ரா கடலில் தொடங்கிய 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடித் தரையைப் பிளந்துகொண்டு வடக்கே அந்தமான் வரை வந்தது. ஆழிப்பேரலை வந்து திரும்பிப் போன பிறகும் போர்ட் பிளேர் பக்கம் கடல் பழைய இடத்துக்குப் போகவில்லை. சிப்பிகாட்டின் வயல்களில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் உப்புத் தண்ணீர் புகுந்தது. நெல் விளைந்த இடம் உவர்நிலமாகிப்போனது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடியில், நிலத்தில் நின்றிருந்த இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. கடல் ஏறிவிட்டது என்றுதான் கண்ணுக்குப் பட்டது.

ஆனால் வடக்கு சென்டினல் தீவைச் சுற்றியும் வடமேற்கு அந்தமானின் கரைகளிலும் நேர் எதிரான காட்சி. எப்போதும் தண்ணீருக்குள் இருந்த பவளப்பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அங்கே கடல் இறங்கியிருந்தது. ஒரே கடல் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கி, அப்படியே நின்றுவிடுமா?

இப்போது அந்த நண்பரின் கேள்வியைக் கேளுங்கள்: ஊர் எதில் நிற்கிறது? இந்தியப் புவித்தட்டு இந்தத் தீவுகளுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. நுழையும்போது மேலே உள்ள தட்டின் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதி மெல்லப் புடைத்து எழுகிறது. பல நூற்றாண்டுகள் இப்படியே போகும். ஒரு நாள் பிடி விடுபடும். அப்போது மேற்கு விளிம்பு மேலே துள்ளும்; பின்னால் புடைத்திருந்த பகுதி கீழே அமரும். வடக்கு சென்டினல் விளிம்புப் பக்கம் இருந்தது, எழுந்தது. போர்ட் பிளேர் கிழக்கே பின்னால் இருந்தது, ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. இந்திரா முனையில் தாழ்வு 4 மீட்டருக்கும் மேல். கடல் மட்டம் இருந்த இடத்தில்தான் இருந்தது, அசைந்தது தரை. தரை அசையாது என்று நாம் சேர்த்துக்கொண்ட நினைப்பை எடுத்துவிட்டால், முரண்பட்டுத் தோன்றிய இரண்டு காட்சிகளுக்கும் ஒரே விடை.

நல்ல புதிருக்கு வேண்டிய தகவலெல்லாம் பெரும்பாலும் கேள்விக்குள்ளேயே இருக்கும். வழியை மறிப்பது நாமே கொண்டுவந்து சேர்த்த சரக்கு. கார்ல் டங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதை ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக் காட்டினார். ஒரு மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு சிறு அட்டைப்பெட்டி நிறையக் குத்தூசிகள். மெழுகுவர்த்தியைச் சுவரில் நிறுத்தி ஏற்ற வேண்டும். பெட்டியைச் சுவரில் குத்தி அதன்மேல் மெழுகுவர்த்தியை வைத்தால் முடிந்தது. ஆனால் பெட்டிக்குள் குத்தூசிகள் கிடந்தபோது பலருக்கு அது தட்டாகத் தோன்றவே இல்லை. ஊசிகளைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியாகக் கொடுத்தபோது பலருக்குத் தோன்றியது.

சரி, அந்த “அட!” வரும் நொடியில் மண்டைக்குள் என்ன நடக்கிறது? மார்க் பீமன், ஜான் கவுனியோஸ் ஆகியோரின் குழு 2004-இல் இதை அளந்து வெளியிட்டது. மூன்று சொற்களைக் கொடுத்து, மூன்றோடும் ஒட்டும் நான்காவது சொல்லைக் கேட்டார்கள். தமிழில் சொன்னால் தேங்காய், தாய், கள்ளி என்பது போல. இதை இரண்டு வழியில் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு சொல்லாக ஒட்டிப் பார்த்துக்கொண்டே போகலாம். அல்லது சும்மா இருக்கும்போது ‘பால்’ என்று சட்டென்று வந்து விழலாம். விடை சட்டென்று வந்து விழுந்தவர்களின் மூளை அலைகளில், அவர்கள் பொத்தானை அழுத்துவதற்கு ஏறத்தாழ 0.3 நொடி முன்பு, வலது காதுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில் காமா அலைகள் வெடித்தெழுந்தன. அதற்கும் ஒரு நொடி முன்னதாக, கண் தரும் செய்திகளைக் கையாளும் மூளையின் பின்பகுதியில் ஆல்பா அலைகள் கூடின. கண் திறந்திருந்தாலும் மூளை அதன் வரத்தைச் சற்றே அடக்கிக்கொள்கிறது. விடுகதை கேட்டவர் கூரையைப் பார்ப்பதும் கண்ணை மூடிக்கொள்வதும் இதையே வெளியே இருந்து செய்கிற வேலை.

இங்கேதான் நண்பர்களோடு சேர்ந்து புதிர் போடுவதில் ஒரு சிக்கல். கூட்டமாக உட்கார்ந்தால் பேச்சு வரும். பேச்சு இந்த வேலைக்கு உதவுமா, கெடுக்குமா?

கெடுக்கும் என்று 1993-இல் ஜொனதன் ஸ்கூலரும் அவரோடு பணியாற்றியவர்களும் கண்டார்கள். புதிரை யோசிக்கும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். ஏணிப் புதிர் போல சட்டென்று திறக்க வேண்டிய புதிர்களில் அப்படிச் சொல்லிக்கொண்டே யோசித்தவர்கள் பின்தங்கினார்கள். படிப்படியாகத் தர்க்கம் போட வேண்டிய புதிர்களில் அப்படி ஒரு பாதிப்பும் இல்லை. வாயால் சொல்லும்போது, சொல்ல முடிகிற பாதையிலேயே மனம் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று தோன்றுகிறது. புதிய பாதையோ இன்னும் சொல்லாகவே ஆகாத இடத்தில் இருக்கிறது.

“பேசாம இரு, யோசிக்க விடு” என்று விடுகதை கேட்ட பிள்ளை சிடுசிடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதை மதிக்க வேண்டும். விடை தெரிந்தவர் முந்திரிக்கொட்டையாக உளறிவிட்டால் மற்றவர்கள் இழப்பது விளையாட்டை மட்டுமல்ல. தானாகக் கண்ட விடை, கேட்டுத் தெரிந்துகொண்ட விடையைவிட நெடுநாள் நினைவில் நிற்கிறது என்பதை உளவியல் சோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன. புதிரைப் பாதியில் விட்டு வேறு வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் பலருக்கு விடை எளிதாகிறது என்பதும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்த உண்மை. விடையை நாளைக்குத்தான் சொல்வேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பாட்டி கொடுமைக்காரி இல்லை.

ஆனால் இன்னொரு வகைப் புதிர் இருக்கிறது. ஆடு, புலி, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரு சிறு படகில் அக்கரை சேர்ப்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதன் உறவுக்காரப் புதிர் ஒன்றில் மூன்று கணவன்–மனைவி இணைகள் ஆற்றைக் கடக்க வேண்டும். தன் கணவன் இல்லாத இடத்தில் எந்தப் பெண்ணும் வேறு ஆணோடு இருக்கக்கூடாது. மார்ஜரி ஷா என்ற உளவியலாளர் 1932-இல் இது போன்ற மூன்று புதிர்களைத் தனியாட்களுக்கும் நால்வர் குழுக்களுக்கும் கொடுத்தார். தனியாட்கள் முயன்றவை 63. சரியாக முடித்தவை 5. குழுக்கள் முயன்றவை 15, முடித்தவை 8. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் ஷா கவனித்த ஒரு விஷயத்தை நான் பெரிதாக எண்ணுகிறேன். தவறான யோசனைகளைத் தள்ளியவர், அதைச் சொன்னவராக இருந்ததைவிட வேறொருவராகவே அதிகம் இருந்தார். நம் தவறு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் கண்ணில் பளிச்சென்று படுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மேசைமேல் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்போது மேலே தெரிபவை: அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்?

பீட்டர் வேசன் 1966-இல் உருவாக்கிய புதிரின் தமிழ் உரு இது. பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். 4-ஐத் திருப்புவதால் பயனில்லை. பின்னால் உயிர்மெய்யெழுத்தே இருந்தாலும் விதி உடையாது. இரட்டைப்படை எண் உயிரெழுத்துக்கு மட்டும் சொந்தம் என்று விதி சொல்லவில்லை. திருப்ப வேண்டியவை அ, 7. ஏழுக்குப் பின்னால் ஓர் உயிரெழுத்து ஒளிந்திருந்தால் விதி போச்சு. விந்தை என்னவென்றால், இதையே வாழ்க்கையில் வைத்தால் பெரும்பாலோர் தடுமாறமாட்டார்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு வருகிறவர்கள் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு குடியிருப்பில் விதி இருந்தால், காவலாளி யாரை நிறுத்துவார்? எட்டுக்குப் பிறகு வருகிறவரிடம் அட்டை கேட்பார். அட்டை இல்லாதவரிடம் எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்பார். ஏழு மணிக்கு வந்தவரையும் அட்டையோடு நிற்பவரையும் விட்டுவிடுவார். அவர் செய்ததும் அ, 7-ஐத் திருப்புவதும் ஒரே தர்க்கம்.

எழுத்தும் எண்ணும் உள்ள அட்டைப் புதிரை டேவிட் மோஷ்மன், மோலி கெய்ல் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்து 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். தனியாக முயன்ற 32 பேரில் 3 பேர்தான் சரி. ஐந்தாறு பேராகக் கூடி விவாதித்த 20 குழுக்களில் 15 குழுக்கள் சரி. ஒவ்வொரு குழுவிலும் விடை தெரிந்த ஒருவர் இருந்திருப்பார், மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. நூற்றுக்கு 9 பேருக்குத்தான் விடை தெரியும் என்றால், ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் தெரிந்தவர் ஒருவராவது இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40 அளவில்தான் வரும். கிடைத்ததோ 75. மீதியைப் பேச்சு சம்பாதித்திருக்கிறது. “ஏன் நாலு?” என்று ஒருவர் கேட்க, பதில் சொல்லத் திணறியவருக்கே தன் ஓட்டை தெரிந்திருக்கிறது.

எத்தனை பேர் வேண்டும்? பாட்ரிக் லாஃப்லினும் உடன் ஆய்ந்தோரும் 2006-இல் எழுத்துகளுக்குப் பின்னால் மறைந்த எண்களைக் கண்டுபிடிக்கும் புதிரைக் கொடுத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்தபோது, தனித்தனியாக முயன்ற இருவரில் கெட்டிக்காரர் செய்த அளவுக்குத்தான் செய்தார்கள். மூன்று பேர் சேர்ந்தபோது, தனித்து முயன்ற மூவரில் மிகச் சிறந்தவரையும் மிஞ்சினார்கள். நான்கும் ஐந்தும் மூன்றைவிடப் பெரிதாக முன்னேறவில்லை. மூன்று நண்பர்கள் போதும், சபை வேண்டாம்.

ஆக, என் பரிந்துரை இது. கேள்வியைக் கேட்டதும் முதலில் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளுங்கள். வேண்டுமானால் எழுந்து போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு ஒவ்வொருவரும் தன் விடையைச் சொல்லட்டும், காரணத்தோடு சொல்லட்டும். விடை தெரிந்தவர் குறிப்புக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கேள்வியாகக் கொடுக்கட்டும்.

புதிரைப் பகிர்ந்துகொண்ட நண்பர்களில் உலகறிந்த இணை ஒன்று, ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனும் கல்கத்தாவிலிருந்து கேம்பிரிட்ஜ் வந்த பிரசாந்த சந்திர மகலனோபிசும். 1914 டிசம்பர். முதல் உலகப் போர் தொடங்கியிருந்த காலம். ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் ஹென்றி டூடெனி எழுதிய ஒரு புதிரைப் படித்துவிட்டு மகலனோபிஸ் இராமானுஜனிடம் சொன்னார். பெல்ஜியத்தின் லூவென் நகரில் ஒரு தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் சில நிமிடங்களில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அதில் இந்தத் தெருவின் விடை மட்டுமல்ல, இந்த விதிக்கு உட்பட்ட எல்லாத் தெருக்களின் விடையும் இருந்தது.

சிறிய தெருவில் தொடங்குங்கள். எட்டு குவார்ட்டர்ஸ் ஒரே வரிசையில் இருக்கட்டும். ஆறாம் எண் வீட்டில் நில்லுங்கள். இடப்பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. வலப்பக்கம் 7, 8, அதுவும் 15. அடுத்து இப்படி அமைவது 49 வீடுகள் உள்ள வரிசையில் 35-ஆம் வீடு. அதற்கடுத்தது 288 வீடுகளில் 204. டூடெனி கேட்டது இதைத்தான். மொத்த வீடுகளை வீட்டு எண்ணால் வகுத்துக்கொண்டே போனால் 1.333, 1.4, 1.4118 என்று வந்து, மேலும் போகப் போக இரண்டின் வர்க்கமூலத்தை நெருங்குகிறது. கூட்டல் தெரிந்த பிள்ளைக்கும் இதில் இடம் உண்டு, இராமானுஜனுக்கும் உண்டு. புதிரை நண்பரிடம் கொண்டுபோக இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. மகலனோபிஸ் தன் விடையோடு நிறைவடைந்து இதழை மூடி வைத்திருந்தால் அந்தத் தொடர் பின்னம் அன்று பிறந்திருக்காது.

தமிழில் புதிர் போடும் வழக்கம் மிகப் பழையது. தொல்காப்பியம் ‘பிசி’ என்று விடுகதைக்கு இலக்கணமே சொல்கிறது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் கணக்கையே பாட்டாகக் கட்டி வாய்க்கு வாய் போகவிட்டது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி அதில் உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு தனிப்பூவின் முனை. கருவுற்ற பூ சுளையாகும், ஆகாதது சடையாகும். எனவே முள்ளுக்கும் சுளைக்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் எத்தனை பூ கருவுற்றது என்பது மரத்துக்கு மரம், பழத்துக்குப் பழம் மாறும். அந்தமானிலும் பலா நன்றாகக் காய்க்கும். பழம் வெட்டும் அன்று ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு சுளையை எண்ணிப் பாருங்கள். விதி எத்தனை பழத்தில் தோற்கிறது என்று குறித்து வைத்தால், அந்தப் பழைய பாட்டு உங்கள் வீட்டில் ஓர் ஆய்வாக மாறிவிடும்.

கடைசியாக, மின்னி பேயில் இருப்பவர்களே தங்கள் ஊரை வைத்துப் போடக்கூடிய ஒரு புதிர். சென்னையில் உள்ள நண்பரோடு டிசம்பர் மாதம் ஐந்தேகால் மணிக்கு போனில் பேசுகிறீர்கள். உங்களுக்கு இருட்டிக்கொண்டு வருகிறது. அவருக்கு நல்ல வெயில். இருவர் கடிகாரமும் ஒரே மணி காட்டுகிறது. இது எளிது. போர்ட் பிளேர் ஏறத்தாழ 92.7 பாகைக் கிழக்கில், சென்னை 80.3-இல். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். 50 நிமிட வித்தியாசம் அங்கே வந்துவிட்டது. கடிகாரம் மட்டும் நாடு முழுவதுக்கும் ஒன்று.

இதையே கொஞ்சம் முறுக்கலாம். இந்தியாவில் விடியலை முதலில் பார்ப்பதாகப் பெயர்பெற்ற அருணாசலப் பிரதேசத்தின் டாங் கிராமம் 97 பாகையில், மின்னி பேக்கும் கிழக்கே இருக்கிறது. இரண்டில் எங்கே முதலில் சூரியன் மறையும்?

“டாங்குலதான். கிழக்க இருக்கிற ஊருக்குத்தான் எல்லாம் முதல்ல.”

“எந்த மாசத்துல?”

இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிற நண்பர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். டாங் ஏறத்தாழ 28 பாகை வடக்கே இருக்கிறது. மின்னி பே 11.6 பாகையில். வடக்கே போகப் போகக் கோடைப் பகல் நீளும், குளிர்காலப் பகல் சுருங்கும். டிசம்பர் 21-இல் டாங்கில் மாலை 4.10 அளவிலேயே சூரியன் மறைந்துவிடும்; மின்னி பேயில் ஐந்து மணி அளவில். ஜூன் 21-இல் கதை தலைகீழ். மின்னி பேயில் 5.45 அளவில் மறைந்துவிடும். டாங்கில் ஆறு மணி தாண்டியும் வெளிச்சம். டிசம்பரில் டாங் முந்துகிறது, ஜூனில் மின்னி பே முந்துகிறது என்றால், இடையில் இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் சூரியன் மறையும் நாள் ஒன்று இருந்தாக வேண்டும். ஆண்டு திரும்பும்போது இன்னொரு நாள். ஒன்று ஏப்ரல் பின்பாதியில் விழுகிறது. மற்றது எந்த மாதம் என்பதை, ஜூன் 21-இலிருந்து இருபக்கமும் சம தூரம் எண்ணி, மூன்று பேராக உட்கார்ந்து கண்டுபிடியுங்கள்.